வலக்காதுப் பக்கம்

"பாட்டு எங்கிட்டிருந்து வருது வாணி? சும்மா கையக் காட்டு பாப்போம்."

பீமாராவ் விளையாட்டாகத்தான் கேட்டார். தமிழ்வாணிக்கு வலக்காது கேட்காது என்பது பெண் பார்க்க வந்த அன்றே அவருக்குத் தெரியும். ஒன்பது வயதில் பொன்னுக்குவீங்கி வந்து பத்து நாள் படுத்தாள். வீக்கம் வடிந்து எழுந்தபோது வலப்பக்கத்து உலகம் மட்டும் அவளோடு எழுந்து வரவில்லை. ஒற்றைக் காதுக்குத் திசை கிடையாது. யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் அவளுக்கு அது இடப்பக்கம்தான். பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் பேசுகிற பிள்ளையை உதட்டசைவை வைத்தே பிடிப்பாள். ரோட்டில் ஹாரன் கேட்டால் முதலில் அப்படியே நின்றுவிடுவாள், பிறகுதான் இரண்டு பக்கமும் பார்ப்பாள். நாற்பத்துமூன்று வருஷப் பழக்கம்.

எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் கை எழுந்துவிட்டது. வலப்பக்கமாக, ஹாலின் மூலையில் இருந்த தூணை நோக்கி நீண்டு அங்கேயே நின்றது.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"எனக்கும் அங்கிட்டுதான் கேக்குது," என்றார் பீமாராவ். "நடுவுக்கே வர மாட்டேங்குது பாரு."

அவர் ஸ்பீக்கரை நகர்த்தக் குனிந்துவிட்டார். மனைவி திசை காட்டியது அவருக்கு உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது. கையை மெல்ல இறக்கி மடியில் வைத்து, மற்றக் கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பரவையைத் தாண்டி வாடிப்பட்டி போகிற ரோட்டில், வயலைப் பார்த்தபடி இருந்த அந்த வீட்டுக்கு அவர்கள் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. முப்பத்தைந்து வருஷம் சர்வேயராக ஊர் ஊராகச் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர் பீமாராவ். அரசாங்கக் குடியிருப்புகளின் இரண்டு அறைகளுக்குள்ளேயே மகள் ஆர்த்திகாவை வளர்த்து, படிக்க வைத்து, கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு தனக்கென்று அவர் ஆசைப்பட்டது இடுப்புயரத்தில் ஸ்பீக்கர் ஒரு ஜோடியும், அதற்கு முன்னால் ஒரு நாற்காலியும்தான். இரண்டும் வந்துவிட்டன. ஹால்தான் ஒத்துழைக்கவில்லை.

அதை ஹால் என்றே சொல்ல முடியாது. யாரோ இரண்டு அறைகளை இடித்து ஒன்றாக்கியிருந்தார்கள். வாசலிலிருந்து நீளமாக ஓடி, சமையலறைக்கு முன்னால் சட்டென்று வலப்பக்கம் ஒடிந்து திரும்பும். ஒடிகிற இடத்தில், இடிக்க முடியாமல் விட்ட பருத்த சதுரத் தூண். இடப்பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல், அதில் ஆடிக் காற்று நாள் பூராவும் கடகடத்துக்கொண்டிருக்கும். வலப்பக்கம், தூணுக்குப் பின்னால், நண்பகலிலும் வெளிச்சம் எட்டாமல் ஈரச் சுண்ணாம்பும் பழந்துணியும் கலந்தாற்போல மணக்கிற ஒரு மூலை. ஒரு ஸ்பீக்கர் ஜன்னலோரம் நின்றது. இன்னொன்றுக்குத் தூணடியைத் தவிர வேறு இடமில்லை.

சிவப்புச் சிமெண்டுத் தரையில் முன்பு குடியிருந்தவர்களின் தடங்கள் பதிந்து கிடந்தன. கட்டில் கால், பீரோ கால், தையல் மிஷின் கால், எல்லாமே ஜன்னல் பக்கம். தூண் பக்கத்துத் தரையில் ஒரு கீறல்கூட இல்லை, போட்ட அன்றைக்கு இருந்த பளபளப்பு.

"யாருமே பொழங்காத எடம்," என்று பீமாராவ் சிரித்தார். "நமக்குன்னே விட்டு வச்சிருக்காக."

அவருக்கு வேண்டியது இதுதான்: இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத வெறும் காற்றில், பாடுகிறவள் வந்து நிற்பது போலக் குரல் நிற்க வேண்டும். சரியாக வைத்தால் நிற்குமாம். இரண்டு பெட்டியும் நாற்காலியும் முக்கோணமாக அமைய வேண்டும், பக்கங்கள் சமமாக. அவர் டேப்பைப் பிடித்து அளந்தார், சாக்பீஸால் கோடு போட்டார், விரற்கடை விரற்கடையாக நகர்த்தினார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தமிழ்வாணி நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. பழைய பாட்டு, இளகிய பெண் குரல். அது வழக்கம்போல இடக்காதில் கேட்டது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் யாரோ மூச்சு இழுப்பது மட்டும் வலப்பக்கம் கேட்டது.

அவள் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடும் என்று பயந்தாள். காது திரும்புகிறதோ? பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வலக்காதை வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஹாலில், அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும்தான் கேட்டது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, தரைக்குத் தேங்காய்நார் விரிப்பு வாங்க வாடிப்பட்டிக்குப் போயிருந்தார் பீமாராவ். மத்தியானம் மூன்று மணி வெயில். தமிழ்வாணி கணக்கு டீச்சர், எதையும் சரிபார்க்காமல் விட மாட்டாள். பஞ்சை நனைத்து இடக்காதில் அடைத்து, அதன்மேல் விரலை வைத்து அழுத்தினாள். கிணற்றில் முங்கியது போல உலகம் அடங்கியது. ஜன்னல் அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது, சத்தம் இல்லை. பாடகியின் குரலும் போய்விட்டது.

மூச்சு மட்டும் போகவில்லை.

தன் மூச்சாக இருக்குமோ என்று வாயையும் மூக்கையும் பொத்தினாள். இருபது வரை எண்ணினாள். அது தன் பாட்டுக்கு இழுத்தது, விட்டது, நின்றது, மறுபடி இழுத்தது. எழுந்து பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இழுத்தது. விட்டது. அவள் மூச்சைவிட நிதானமாக, எங்கேயும் போக வேண்டிய அவசரமில்லாதவர்களின் மூச்சு.

"யாரு?"

அடைத்த காதுக்குள் அவள் குரலே முழங்கியது. தூண் பக்கம் மூச்சு நின்றது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாம் காது கொடுப்பதற்காக நிறுத்துவோமே, அப்படி.

அவர் விரிப்புச் சுருளோடு வந்தபோது அவள் வாசல் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு சிம்மக்கல் பக்கம் ஒரு காது டாக்டரிடம் போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து நெடுநேரம் சோதித்தார்கள். டாக்டரம்மா வரைபடத்தைக் காட்டினார்.

"வலது காது அப்படியேதான் இருக்கு டீச்சர். ஒரு புள்ளிகூட மாறல. சில பேருக்கு இல்லாத சத்தம் கேக்கும். காது ஒண்ணும் கொடுக்கலேன்னா மூளையே போட்டுக்கும். பயப்படாதீங்க."

அப்படித்தான் இருக்கும் என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டாள். மூளை போட்டுக்கொள்கிற சத்தம் ஏன் அந்த நாற்காலியில் மட்டும் கேட்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்காமல் விட்டது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது.

பீமாராவ் இதற்குள் பொறுமை இழந்துவிட்டார். சனிக்கிழமை காலையில் உக்கிரபாண்டியை வரச் சொன்னார். சமயநல்லூரில் மைக் செட் வைத்திருப்பவன், முளைக்கொட்டுத் திருவிழாவிலிருந்து கட்சிக் கூட்டம் வரை ஸ்பீக்கர் கட்டிப் பழகிய கை. இருவரும் பல வருஷச் சிநேகிதம். வந்தவன் ஹாலைச் சுற்றி இரண்டு தடவை கைதட்டிப் பார்த்தான்.

"ரூம் கோக்குமாக்காத்தான் இருக்கு. இருந்தாலும் இம்புட்டு ஒருபக்கமா இழுக்காதுண்ணே. தூண் பக்கத்துப் பெட்டிய மட்டும் போட்டு அளந்துருவோம்."

ஸ்பீக்கரிலிருந்து மழை பெய்வது போல ஒரே சீரான இரைச்சலை விட்டான். சத்தத்தை அளக்கிற ஆப்பைத் திறந்து போனை நாற்காலியில் வைத்தான். எழுபத்திரண்டு. எண் அசையாமல் நின்றது.

"இப்பக் குறுக்க வாங்கண்ணே."

பீமாராவ் ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே போய் நின்றார். எண் அறுபத்தாறுக்கு இறங்கியது.

"பாத்தீகளா மதினி, ஆள் நின்னா மறைக்கும். இப்ப நகருங்கண்ணே."

பீமாராவ் ஜன்னல் பக்கம் நகர்ந்தார். அறுபத்தாறு.

உக்கிரபாண்டி போனைத் தட்டினான். அறுபத்தாறு. பிறகு எழுபத்திரண்டு. அவன் மூச்சுவிடுவதற்குள் மறுபடி அறுபத்தாறு, அறுபத்தைந்து. மூன்று பேரும் சுவரோரம் நின்றார்கள். நடுவே தரை காலியாக, வெயில் விழுந்து, சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது. அறுபத்துமூன்று.

"போன் சரியில்லையோ?" என்றார் பீமாராவ்.

உக்கிரபாண்டி நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, இருட்டில் கதவைத் தேடுகிறவனைப் போல உள்ளங்கையைத் தூண் பக்கமாக நீட்டிக்கொண்டு ஓரடி வைத்தான். இன்னோரடி. சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். வேட்டியில் துடைத்தான். திரும்பவும் துடைத்தான்.

"சமயநல்லூர்ல ஒரு வேல இருக்கு, மறந்தே போச்சு. வாரேண்ணே."

காப்பி அடுப்பில் இருந்தது. அவன் நிற்கவில்லை. தமிழ்வாணி கேட் வரைக்கும் பின்னாலேயே போனாள்.

"என்னப்பா? என்னன்னு சொல்லிட்டுப் போ."

வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னான். "கையில மூச்சுக்காத்து பட்டுச்சு மதினி. உள்ளங்கையில."

அவன் போன பிறகு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று யோசித்தாள். உள்ளங்கை தூணைப் பார்த்து இருந்தது. அப்படியானால் அது நாற்காலியைப் பார்த்து நிற்கிறது. தூணடியில்கூட இல்லை. அங்கிருந்து கிளம்பி வந்துகொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலமே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சை, பஞ்சை, டாக்டரம்மா சொன்னதை, உக்கிரபாண்டியின் கையை. பீமாராவ் முழுக்கக் கேட்டார். பிறகு, இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"செத்த காத வச்சுக்கிட்டு எனக்குச் சத்தத்தப் பத்திச் சொல்றியா?"

சொன்னதும் அவர் முகமே சுருங்கிப் போனது. "கோவிச்சுக்காத. ரெண்டு நாள் பொறு. நடுவுக்கு வந்துக்கிட்டே இருக்கு வாணி. இன்னும் கொஞ்சந்தான்."

வந்துகொண்டுதான் இருந்தது. சர்வே நாட்களின் பழக்கத்தில் ஒரு நோட்டில் தினமும் எழுதி வைத்தார். குரல் நிற்கிற இடம், நாற்காலியிலிருந்து பதினோரு அடி. மறுநாள் ஒன்பது. ஆறரை. அவர் பெட்டியை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் எண் குறைந்துகொண்டே வந்தது. குறையக் குறைய அவர் முகத்தில் ஒரு களை வந்தது. சாப்பாட்டை நாற்காலிக்கே கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய் வைக்கும்போது தமிழ்வாணி தட்டை எட்டி நீட்டுவாள், அந்தச் சாக்பீஸ் கோட்டுக்குள் கால் வைக்க மாட்டாள். நாலடி, என்று அவர் எழுதிய அன்று, நாற்காலியில் உட்காராமலே, சமையலறை நிலைப்படியில் நின்றபோதே அவளுக்கு அந்த மூச்சு கேட்டது.

புதன்கிழமை அரைநாளில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம். பக்கத்து வீட்டு நாகஜோதியையும் அவள் புருஷனையும் கூப்பிட்டு, ஒயர்களைப் பிடுங்கி, இரண்டு ஸ்பீக்கரையும் அவர்கள் வீட்டு மோட்டார் ரூமில் கொண்டுபோய் வைத்துப் பூட்டச் சொன்னாள்.

"அண்ணன் கோவப்பட மாட்டாரா டீச்சர்?" என்றாள் நாகஜோதி.

"படட்டும்."

பீமாராவ் வந்தார். வெறும் ஹாலைப் பார்த்தார். அரிசிப் பையைக் கீழே வைத்தார். அவள் சண்டைக்குத் தயாராக நின்றாள். அவர் விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"சரி விடு. இனி அது தேவப்படாது."

"எது?"

"பெட்டி," என்றார். தலையை வலப்பக்கம் லேசாகச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை இருந்தது பயமே இல்லை என்று பட்டது. மகளுக்குப் போன் போட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாள். அவருக்கு இரண்டு சட்டை, வேட்டி, மாத்திரை எல்லாம் பையில் எடுத்து வைத்தாள். அவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. "போவோம், போவோம்," என்றார். நாற்காலியை விட்டு மட்டும் எழவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தாள். காற்று புழுதியை வாரி வயல் மேல் வீசிக்கொண்டிருந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் ஹாலின் நீளத்துக்கும் விழுந்து கிடந்தது.

பீமாராவ் எழுந்து நின்றிருந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்தபடி. அவளுக்கு ஒரு கணம் மனசு நிறைந்து போனது. எழுந்துவிட்டாரே.

"என்னங்க, கிளம்பலாமா? மொகத்தக் கழுவிட்டு..."

அவர் வாய் அசைந்தது.

சத்தம் வரவில்லை.

காற்றுக்கு அடைத்துக்கொண்டதோ என்று இடக்காதைத் தேய்த்தாள். அடைக்கவில்லை. ஜன்னல் கடகடத்தது. நாகஜோதி வீட்டு மிக்ஸி ஓடியது. தூரத்தில் திண்டுக்கல் போகிற சரக்கு ரயில். எல்லாம் கேட்டது. அவர் உதடு மறுபடி அசைந்தது. உதடு படிக்கத் தெரிந்தவள் அவள். வாணி, என்றது அந்த உதடு.

"வாணி."

வலக்காதில்.

அவருடைய குரல். துல்லியமாக. கரகரப்பு, கடைசியில் லேசாக இழுக்கிற அந்த இழுப்பு, எல்லாம் அப்படியே. ஆனால் அவர் நிற்கிற திசையிலிருந்து இல்லை. அவளுக்கு வலப்பக்கம். தோளுக்குப் பக்கத்தில். இடக்காதில் மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது.

"வந்துட்டியா."

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பை கையிலிருந்து நழுவி விழுந்தது, விடைத்தாள்கள் தரையில் பரவிக் காற்றில் படபடத்தன. அவர் அவற்றைக் குனிந்து எடுக்கவில்லை.

"சரியான எடம் இதுதான் வாணி. இம்புட்டு நாளா நாந்தான் தப்பா அளந்துக்கிட்டு இருந்தேன்."

இப்போது அவர் வாய் மூடியிருந்தது.

குரல் நிற்கவில்லை. "வந்து உக்காரு. உனக்குந்தான் கேக்குதே. எனக்கு முந்தியே உனக்குத்தான கேட்டுச்சு."

அவள் அவரையே பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. கண் இமைத்தது. சட்டையின் மூன்றாவது பட்டன் எப்போதும்போல மாறிப் போட்டிருந்தது. அந்த பட்டனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எண்ணினாள். இருபது. முப்பது. ஐம்பது.

பட்டன் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

வலக்காதில் மூச்சு. இழுத்தது, விட்டது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று, கொஞ்சம் வேகமாக, நடுவில் ஒரு சின்ன விசிலோடு. இருபத்தெட்டு வருஷம் பக்கத்தில் படுத்து அவள் கேட்ட மூச்சு.

வெயிலில் நின்று சிரித்தபடி பீமாராவ், அசையாத மார்போடு, நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.